மின்வாயின் எடை கூடுவது ஏன்?

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள திருவெள்ளறைக்குத் தமிழ்த்துறை மாணவர்களுடன் நாம் ஒருமுறை கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். வெண்பாறைக் குன்றின்மீது நிற்கும் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைக் கண்டோம். பின்னர், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டி, ஆலம்பாக்கத்தைச் சார்ந்த கம்பன் அரையன் எடுப்பித்த 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்னும் நாலுமூலைக் கேணியையும் அதன் கல்வெட்டையும் கண்டு குறிப்பெடுத்தோம். பொழுது சாய்ந்து புறப்படும் வேளையில் பேருந்து கிளம்பவில்லை. "பேட்டரி இறங்கிப்போச்சு சார், சார்ஜ் ஏத்தணும்" என்றார் ஓட்டுநர். மாணவர்கள் இறங்கித் தள்ளினர். வண்டி கிளம்பியபின், முதலாண்டு மாணவர் ஒருவர் மூச்சிரைக்க அருகில் வந்து, "ஐயா, சார்ஜ் ஏறினால் பேட்டரியின் எடையும் ஏறுமா?" என்று வினவினார்.

உடனிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை, விடை தெரியாமையே அதற்குக் காரணம். மறுநாள் வேதியியல் துறை நண்பர்களிடம் இவ்வினாவைக் கொண்டு சென்றோம். அங்குக் கற்றவற்றையும், அவற்றால் தமிழ்ச் சொற்கள் பற்றி நமக்கு எழுந்த ஐயம் ஒன்றையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

தராசு சொன்னது

நண்பர்கள் முதலில் நம்மைத் தராசின்முன் நிறுத்தினர். இரண்டு செப்புத் தகடுகளைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, நிறுத்துக் குறித்துக்கொண்டனர். கண்ணாடிக் குவளையில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, தகடுகள் ஒன்றையொன்று தொடாதவாறு அதில் நிறுத்தி, வெளியிலிருந்து அரை ஆம்பியர் மின்னோட்டத்தை அரைமணி நேரம் செலுத்தினர். பின்னர் மீண்டும் நிறுத்தபோது, மின்மூலத்தின் எதிர்முனையோடு இணைத்த தகட்டின் எடை ஏறத்தாழ 0.29 கிராம் கூடியிருந்தது. அத்தகட்டில் புதுச்செம்பின் இளஞ்சிவப்புப் படலம் ஒட்டியிருந்தது.

மின்சாரம் தகட்டினுள் சென்று தங்கிவிட்டது, அதனால் எடை கூடிற்று என்றே நாம் முதலில் எண்ணினோம். நம்மைப் போன்று எண்ணுவோர் பலர் இருக்கக்கூடும். இவ்வெண்ணத்தைக் கணக்கினால் சோதித்துப் பார்க்கலாம். அரை ஆம்பியர் அரைமணி நேரம் ஓடினால் கடந்த மின்னூட்டம் 900 கூலும். அதனைச் சுமந்து வந்த எலக்ட்ரான்கள் அனைத்தையும் ஒருங்கே திரட்டி நிறுத்தாலும் 0.000005 கிராம் அளவே தேறும். கூடிய எடையோ அதனைப்போல் ஏறத்தாழ 58,000 மடங்கு. ஆகவே கூடியது மின்சாரத்தின் எடை அன்று.

அங்ஙனமாயின் அந்த எடை எங்கிருந்து வந்தது? மற்றொரு தகட்டை நிறுத்ததும் விடை கிடைத்தது. ஒன்று கூடிய அளவிற்கு மற்றொன்று குறைந்திருந்தது. கரைசலின் நீலமோ சற்றும் வெளிறவில்லை. ஒரு தகட்டிலிருந்து செம்பு கரைந்து இறங்குகிறது. அதே அளவு செம்பு கரைசலிலிருந்து மறுதகட்டில் ஏறுகிறது. கரைசல் வாங்குவதும் கொடுப்பதும் சமம். செம்புத் தகட்டிற்கு மாற்றாகப் பிளாட்டினத்தையோ கரிக்கோலையோ நேர்முனையில் வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அது கரைவதில்லை, அங்கு ஆக்சிஜன் குமிழிகள் எழுகின்றன. மறுதகட்டில் படியும் செம்பு முழுவதும் கரைசலின் இருப்பிலிருந்தே செலவாவதால் நீலம் படிப்படியாக வெளிறுகிறது. குவளையில் கந்தக அமிலம் சேர்கிறது. கணக்கேட்டில் ஒருபக்கம் வரவு எழுதினால் வேறொரு பக்கம் பற்று எழுதியே தீரவேண்டும் என்பதை வணிகக் குடும்பத்து மாணவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

மின்னோட்டத்தின் பணிதான் யாது எனில், அது பரிமாற்றத்தை நடத்துகிறது எனலாம். கரைசலில் உள்ள செம்பு அணுவாக இல்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனியாக, நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்க மிதக்கிறது. மின்னூட்டம் உடைமையாலேயே நீர் அதனை ஏந்தி நிற்கிறது. தகட்டை அடைந்து, கம்பிவழி வந்த இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றவுடன் அது நடுநிலை அணுவாகிறது. அதன்பின் அதனை ஏந்திவைக்க நீரால் இயலாது. அருகிலுள்ள செம்புப் படிகத்தின்மீது அது அமர்ந்துவிடுகிறது. தகட்டின் எடை கூடுதல் என்பது இங்ஙனம் அமர்ந்த அணுக்களின் எடையே.

இதனால்தான் எவ்வளவு மின்னூட்டத்திற்கு எவ்வளவு எடை என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மைக்கேல் பாரடே 1830களின் தொடக்கத்தில் இதனை இரு விதிகளாக வகுத்தார். செம்பயனி ஒன்றிற்கு இரண்டு எலக்ட்ரான்கள் தேவை. வெள்ளியயனிக்கு ஒன்று போதும். வெள்ளியணு செம்பணுவைவிடக் கனமானதும்கூட. எனவே செம்பை 0.296 கிராம் படிவிக்கும் அதே 900 கூலும் வெள்ளியை 1.006 கிராம் படிவிக்கும். இந்த ஒழுங்கு எத்துணை நம்பகமானது எனில், 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, ஒரு நொடியில் 0.001118 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மின்னோட்டமே ஓர் ஆம்பியர் என்று வரையறுத்தது. 1948இல் வேறு வரையறை நடைமுறைக்கு வரும்வரை, உலகின் மின்னோட்ட அளவிற்கு ஒரு தகட்டின் எடைக் கூடுதலே படிக்கல்லாக இருந்தது. 2019 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டத்தையே மாறா எண்ணாகக் கொண்டு ஆம்பியர் வரையறுக்கப்படுகிறது.

வந்தது நிற்குமா?

எதிர்முனையில் இணைத்த தகடு எப்பொழுதும் எடை கூடும் என்று இதிலிருந்து ஒருவர் விதி செய்துகொண்டால் அது பிழையாகும். அமிலம் கலந்த நீரில் பிளாட்டினத் தகட்டை வைத்தால் ஹைட்ரஜன் அயனி வருகிறது, எலக்ட்ரானைப் பெறுகிறது, வாயுவாகிக் குமிழியிட்டுப் போய்விடுகிறது. வந்தது நிற்கவில்லை, எடையும் கூடவில்லை. உப்புநீரில் மின்னோட்டம் செலுத்திச் சோடியத்தைத் தகட்டில் படிவிக்கவும் இயலாது. நீரே முந்திக்கொண்டு ஹைட்ரஜனாகப் பிரியும். அதனாலேயே ஹம்ப்ரி டேவி 1807இல் சோடியத்தைப் பெறுவதற்கு நீரை விலக்கி, உருகிய காரத்தின்வழி மின்னோட்டத்தைச் செலுத்தினார்.

இன்னொரு பொதுவான விளக்கமும் உண்டு: நேர் அயனியை எதிர்த்தகடு ஈர்க்கிறது, அதனால் படிகிறது என்பது. மயில்துத்தத்திற்கு இது பொருந்துவதுபோல் தோன்றும். முலாம் பூசும் பட்டறையில் இது தடுமாறிவிடுகிறது. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற முறையில், தங்கமும் வெள்ளியும் சயனைடு கரைசலில் இருக்கும். அங்குத் தங்கம் தனித்த நேர் அயனியாக இல்லை. இரண்டு சயனைடுகளோடு பிணைந்து, மொத்தத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியாக உள்ளது. எதிர் எதிரை விலக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும் அந்த எதிர் அயனி, கரைசலின் செறிவு வேறுபாட்டால் பரவி வந்து, எதிர்முனையில் இணைத்த நகையின்மீதே தங்கத்தை இறக்கிவைக்கிறது. ஈர்ப்பு மட்டுமே காரணமாயின் இது நிகழாது. தகட்டின் முகத்தில் எலக்ட்ரான் கைமாறுவதே தீர்மானமான நிகழ்ச்சி. எந்தக் குறியோடு வந்தது என்பது அன்று.

ஈண்டுச் சொல் பற்றிய சிறு குறிப்பு. 'முலாம்' என்பது அரபு மூலத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்து, வந்த சுவடே தெரியாமல் கலந்துவிட்ட சொல். மின்சாரம் வருமுன் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவர். அந்த நச்சாவியால் கைவினைஞர் பலர் உடல்நலம் இழந்தனர். சயனைடும் கொடிய நஞ்சுதான். ஆனால் மூடிய தொட்டியும் முறையான காற்றோட்டமும் இருந்தால் அதனைக் கட்டுக்குள் வைக்க முடியும்; அடுப்பில் எழும் ஆவியை அங்ஙனம் கட்டுவது அரிது.

எதிர்முனையில் வைத்த பொருள் எடை குறைவதும் உண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. மண்ணில் புதைந்து கிடந்து மீண்ட செப்புத் திருமேனிகளைப் பச்சைப் பொடியாக அரிக்கும் 'வெண்கல நோய்' அன்று பெருங்கவலையாக இருந்தது. அங்குப் பணியாற்றிய சே. பரமசிவன், நீர்த்த காரக் கரைசலில் படிமத்தையே எதிர்முனையாக நிறுத்தி மின்னோட்டம் செலுத்தும் முறையைக் கையாண்டார். நோய்க்கு வித்தான குளோரைடு படிமத்தைவிட்டுக் கரைசலுக்குள் சென்றது. மேலோட்டில் உப்பாகிக் கிடந்த செம்பு மீண்டும் உலோகமாயிற்று. புதிதாக எதுவும் வந்து படியவில்லை, நஞ்சு வெளியேறிற்று, எடை குறைந்தது. மாணவர்கள் எழும்பூர் செல்லும்பொழுது வெண்கலக் கூடத்தில் சற்றுக் கூடுதலாக நின்று பார்க்கப் பரிந்துரைக்கிறோம். சிற்பியின் கைத்திறனோடு இவ்வேதியியலும் அங்குக் காவல் நிற்கிறது.

ஆகவே 'மின்னோட்டம் செலுத்தினால் மின்வாய் எடை கூடுவது ஏன்?' என்ற வினாவை நாம் இரண்டாக உடைத்துக் கேட்க வேண்டும். அங்கு எது வந்து எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்கிறது? கைமாற்றியபின் அது அங்கேயே நிற்கிறதா?

இறங்கும்போது ஏறும் எடை

இனிப் பேருந்துக்குத் திரும்புவோம். அதன் ஈய மின்கலத்தில் இரு வகைத் தகடுகள் உள்ளன. ஒன்று ஈயம், மற்றொன்று ஈய டைஆக்சைடு. இடையில் நீர்த்த கந்தக அமிலம். விளக்கெரிக்கவும் வண்டியைக் கிளப்பவும் மின்சாரம் தரும்போது, அதாவது ஓட்டுநர் மொழியில் 'இறங்கும்போது', இரு தகடுகளுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன. ஈய சல்பேட்டு நீரில் கரையாது. ஆதலால் உருவான இடத்திலேயே தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. 207 கிராம் ஈயம் 303 கிராம் ஈய சல்பேட்டு ஆகிறது. 239 கிராம் ஈய டைஆக்சைடும் 303 கிராம் ஈய சல்பேட்டு ஆகிறது. ஒரு தகட்டில் 96, மற்றதில் 64, ஆக மொத்தம் 160 கிராம் கூடுகிறது. அமிலக் கரைசலோ சரியாக 160 கிராம் இழக்கிறது: 196 கிராம் கந்தக அமிலம் செலவாகி, 36 கிராம் நீர் உண்டாகிறது.

மின்கலம் 'இறங்கும்போது' இரண்டு மின்வாய்களும் எடை ஏறுகின்றன! சார்ஜ் 'ஏற்றும்போது' இரண்டும் எடை இறங்குகின்றன. சல்பேட்டு அமிலத்திற்குத் திரும்புகிறது. கண்ணாடிக் குழாயில் மிதவை வைத்த கருவியை அமிலத்தில் இட்டுப் பேட்டரி நிலையைப் பட்டறைக்காரர் சொல்வது இதனாலேயே. தகட்டை வெளியே எடுத்து நிறுக்க இயலாது. ஆனால் தகடு கொண்டதும் கொடுத்ததும் அமிலத்தின் அடர்த்தியில் தெரிந்துவிடும். நிறைந்த நிலையில் ஏறத்தாழ 1.27 இருக்கும் அடர்த்தி, முழுதும் இறங்கினால் 1.1 அளவிற்குத் தாழ்ந்துவிடும்.

பெட்டியின் மொத்த எடை மாறுமா என்பதே மாணவரின் வினா. மாறாது. எல்லாம் உள்ளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலே. ஐன்ஸ்டீனின் கணக்கையும் சேர்க்க விரும்புவோர்க்கு ஒரு செய்தி: 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏற்றிய ஆற்றலின் நிறை ஒரு கிராமில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. எந்தப் பட்டறைத் தராசும் அதனை அறியாது.

பெயரில் நேர்ந்த இடர்

இதுவரை சொன்னவை நண்பர்கள் கற்பித்தவை. இனிச் சொல்வது தமிழ்த்துறையின் பொறுப்பில் வருவது. இக்கட்டுரையில் 'நேர்முனையில் இணைத்த தகடு', 'எதிர்முனையில் இணைத்த தகடு' என்று சுற்றிவளைத்தே எழுதி வந்துள்ளோம். பாடநூல்களில் வழங்கும் 'நேர்மின்வாய்', 'எதிர்மின்வாய்' என்னும் சொற்களைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு.

பாரடே தம் ஆய்வுக்குப் புதுச்சொற்கள் தேடி, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்கு 1834இல் எழுதினார். ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து 'ஆனோடு', 'கேத்தோடு' ஆகிய சொற்களை அமைத்துத் தந்தார். 'ஹோதோஸ்' என்றால் வழி. முன்னது மேல்வழி, பின்னது கீழ்வழி. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் பாரடேயின் மனத்தில் இருந்தன. மின்னோட்டம் கரைசலுக்குள் புகும் வாயில் ஆனோடு. கரைசலை விட்டு வெளியேறும் வாயில் கேத்தோடு. நேர், எதிர் என்னும் குறிகளை அவர் வேண்டுமென்றே பெயருக்குள் நுழைக்கவில்லை. தமிழாக்கியோர் அக்குறிகளையே பெயராக்கிவிட்டனர்.

இதனால் நேரும் இடர் யாது? வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தும்போது இடரில்லை. அங்கு ஆனோடு நேர்முனையே, கேத்தோடு எதிர்முனையே. ஆனால் தானே மின்சாரம் தரும் மின்கலத்தில் குறி மாறிவிடுகிறது. டேனியல் மின்கலத்தில் துத்தநாகம் கரைகிறது. அது ஆனோடு, அதன் குறியோ எதிர். செம்புத் தகட்டில் செம்பு படிந்து எடை கூடுகிறது. அது கேத்தோடு, அதன் குறியோ நேர். தமிழில் எழுதினால் 'நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது' என்றாகிறது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் ஒருவர் முன்னொரு காலம் இத்தொடரைக் காட்டி, "இது எப்படி ஐயா பொருந்தும்?" என்று நம்மிடம் கேட்டதுண்டு. "பாடத்தில் உள்ளபடி எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் குழம்பியது வேதியியலில் அன்று, நம் சொல்லில் என்பது இப்பொழுதுதான் விளங்குகிறது. அந்த விடை இன்றும் நம்மை உறுத்துகிறது.

திருவெள்ளறைக் கேணி இங்கு நினைவுக்கு வருகிறது. நான்கு பக்கத்திலிருந்தும் படிவரிசைகள் இறங்கி, மடங்கித் திரும்பி, நடுவிலுள்ள நீரை அடைகின்றன. ஒரு படியில் நிற்பவர் மற்றொரு படியில் நிற்பவரைக் காண இயலாது; நீர் மட்டும் பொது. கீழ்த்திசைப் படியை 'இறங்குபடி' என்று பெயரிட்டால் என்ன ஆகும்? வெறுங்குடத்தோடு வருவோர்க்கு அது இறங்குபடிதான். நிறைகுடத்தோடு திரும்புவோர்க்கு அதுவே ஏறுபடி. ஹியூவெல்லின் சொற்கள் நடப்பவரின் போக்கைக் குறிப்பவை. நடை மாறினால் பெயரும் இடம் மாறும். நம் சொற்கள் திசையைக் கல்லில் பொறித்துவிட்டவை. பேருந்து பேட்டரியின் ஈய டைஆக்சைடு தகடு எந்நேரமும் நேர்முனையே. ஆனால் இறங்கும்போது அது கேத்தோடு, ஏறும்போது ஆனோடு. இவ்வளவு எளிய செய்தியை நம் கலைச்சொற்களால் முரணின்றிச் சொல்ல முடியவில்லை.

சொல்லாக்கியோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திரப் பரிபாஷைச் சங்கம் கண்டனர். இத்தகையோர் இட்ட அடித்தளத்தின்மீது நின்றே இன்று இதனை எழுதுகிறோம். மின்வேதியியலுக்கெனத் தமிழ்நிலத்தில் ஒரு தேசிய ஆய்வகமே உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததனால் அது காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்முலாமும் மின்கலமும் அரிப்புத் தடுப்பும் அங்கு நாளும் ஆராயப்படுகின்றன. நிலத்தில் இடம் கிடைத்த அத்துறைக்கு மொழியிலும் பிழையற்ற இடம் அமைத்துத் தருவது நம்போன்றோர் செய்ய வேண்டிய பணி.

வேறு சொல் காணலாமா என்று துறையில் ஒரு மாலை முழுதும் பேசினோம். ஞாயிறு எழுதலையும் படுதலையும் கொண்டு 'எழுவாய்', 'படுவாய்' எனலாம் என்றார் ஒருவர். ஹியூவெல்லின் கருத்துக்கு இவற்றினும் நெருங்கிய தமிழ் இல்லை. ஆனால் எழுவாய் இலக்கணத்தில் ஏற்கெனவே பணியில் உள்ளது. வேதியியல் வகுப்பில் யாரேனும் 'பயனிலை எங்கே?' என்று கேட்டுவிடுவர். ஆனோடு, கேத்தோடு என ஒலிபெயர்த்தே வழங்கலாம் என்றனர் வேதியியலார். முலாம் கலந்ததுபோல் இவையும் கலந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நமக்கும் அதுவே இசைவாகத் தோன்றுகிறது. பழைய சொற்களையே ஆள வேண்டிய தேர்வுத்தாளில், மின்கலம் மின்சாரம் தருகிறதா, பெறுகிறதா என்பதை அச்சொல்லுக்கு முன் ஒரு வரியில் எழுதிவிடுமாறு மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம்.

பேருந்தின் பேட்டரியைப் பட்டறையில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தபோது, உள்ளே தகடுகளின் எடை குறைந்திருக்கும் என்று ஓட்டுநரிடம் எடுத்துரைத்தோம். அவர் பேட்டரியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்துக்கொண்டே, "டிஸ்டில்டு வாட்டர் வேற ஊத்தியிருக்கு சார், கனம் கூடத்தான் கூடியிருக்கும்" என்றார். அவர் சொன்னதும் சரியே.